இருளில் ஏற்றிய சுடர்: அறிவியற் கனவு கண்ட அன்னை ரொகேயா

தோற்றுவாய்

வானில் பறக்க வேண்டும் என்று எண்ணிய பிறகே மனிதன் பறந்தான். ஆழ்கடலின் அடியைக் காண வேண்டும் என்று எண்ணிய பிறகே அதில் மூழ்கிக் கண்டான். கற்பனை முன்னே நடக்க, அறிவியல் அதனைப் பின்தொடர்வது உலக வழக்கு. அவ்வாறு முன்னே நடக்கும் கற்பனையை இலக்கியமாக்கித் தரும் துறையே அறிவியற் புனைகதை. மாயக்கதை அதன் மூத்த உடன்பிறப்பு.

இத்துறையைப் பற்றி நம்மிடையே நெடுநாளாக ஓர் எண்ணம் நிலவி வருகிறது. விண்கலமும் இயந்திர மனிதனும் பூதமும் வேதாளமும் ஆண்பிள்ளைகள் விரும்பும் பொருள்கள். பெண்கள் குடும்பக் கதைகளையே நாடுவர் என்பதே அது. நூல்நிலையத்தில் ஒரு மாணவி விண்வெளிக் கதை ஒன்றைக் கேட்டால், தம்பிக்கா என்று வினவும் வழக்கம் இன்றும் மறைந்துவிடவில்லை. இவ்வெண்ணம் சரிதானா?

திருத்தணி எனது ஊர். 365 படிகள் கொண்ட மலைக்கோயிலால் பெயர் பெற்றது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் ஆந்திர மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்த எல்லை நகரம். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். 1947 ஜூலையில் இரு மொழிகளிலும் ஒருசேரத் தொடங்கப்பெற்ற அம்புலிமாமாவும் சந்தமாமாவும் என் இளமையில் எங்கள் ஊர்க் கடையில் அருகருகே தொங்கும். காசு கொடுத்து வாங்கி வருபவன் நான். ஆனால் முதலில் படித்து முடிப்பவர் என் தமக்கையார். வேதாளம் கேட்ட கேள்விகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். வார இதழ்களில் வந்த சுஜாதாவின் அறிவியல் தொடர்களையும் அவரே எனக்கு அறிமுகம் செய்தார். எட்டாம் வகுப்போடு அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் திருமணமும் நடந்தது. கதைப் பித்தன் என்னும் பெயர் ஊரில் எனக்கே கிடைத்தது. அப்பெயரே என்னைத் தமிழ் படிக்க வைத்து, இன்று வகுப்பறையில் ஆசிரியனாக நிறுத்தியிருக்கிறது. அவருக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை.

விரும்பியவர் இருந்தும் எண்ணிக்கையில் இடம்பெறாமற்போவது எவ்வாறு என்பதை இதனால் நான் உணர்ந்தேன். அந்த உணர்வோடு படிக்கும்போது பெரிதும் ஆறுதலும் ஊக்கமும் தந்தது வங்கம் தந்த முஸ்லிம் பெண்மணி ஒருவரின் வாழ்வு. இந்திய மண்ணில் அறிவியற் புனைகதைக்கு அடிகோலிய மிகச் சிலருள் ஒருவர் அவர். பேகம் ரொகேயா சகாவத் ஹுசைன் என்பது அவர் பெயர். நம் வீடுகளில் ருகையா என வழங்கும் பெயரே வங்க நாவில் ரொகேயா ஆயிற்று.

பிறப்பும் திரைமறைவும்

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ரங்கப்பூர் மாவட்டத்தில் பாய்ராபந்த் என்னும் சிற்றூரில் 1880-ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். தந்தையார் செல்வாக்கு மிக்க ஜமீன்தார். அரபு, பாரசீகம், உருது ஆகிய மொழிகளை மதித்தவர். ஆயினும் அவரது இல்லத்துப் பெண்கள் திருக்குர்ஆனை ஓதக் கற்பதோடு கல்வி முற்றுப்பெற்றதாகக் கருதப்பட்டது. தாம் வாழும் மண்ணின் மொழியாகிய வங்காளத்தைப் படிப்பது உயர்குடிக்கு ஒவ்வாதது என்றும், ஆங்கிலம் பெண்ணுக்குத் தகாதது என்றும் அக்குடும்பத்தார் எண்ணினர்.

திரைமறைவோ இன்னும் கடுமையானது. ஐந்து வயது முதற்கொண்டு அயலார் வீட்டுப் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொள்ளும்படி பழக்கப்பட்டதாக அம்மையாரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். விருந்துக்கு வந்த பெண்கள் வீட்டில் தங்கியிருந்த நாள்களில், மாடி அறையிலும் பொருள்களின் மறைவிலும் பசியோடு அச்சிறுமி பதுங்கியிருந்தாள். உணவு கொண்டுவருவதைச் சில வேளைகளில் பெரியவர்கள் மறந்தும் போயினர்.

நள்ளிரவுக் கல்வி

இக்கட்டுக்காவலில் அவருக்கு ஒளியாக விளங்கியவர்கள் இருவர். ஒருவர் தமக்கை கரீமுன்னிஸா. மற்றவர் தமையன் இப்ராஹீம் சாபிர்.

கரீமுன்னிஸா வங்க மொழியின்பால் தீராத ஆர்வம் கொண்டவர். அவர் வங்க நூலைப் படிக்கிறார் என்னும் செய்தி உறவினரிடையே பரவியது. பழிச்சொல் எழுந்தது. படிப்பு நிறுத்தப்பட்டது. பதினைந்து வயது நிரம்புமுன் அவருக்குத் திருமணமும் முடிந்தது. தாம் இழந்த கல்வியைத் தங்கை பெற வேண்டும் என்று பிற்காலத்திலும் ஊக்கமளித்து வந்தவர் இவரே. அம்மையார் இந்நன்றியை மறவாமல், தம் நூலொன்றைத் தமக்கைக்கே காணிக்கையாக்கினார்.

தமையன் இப்ராஹீம் கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வி பெற்றவர். பகலில் கற்பிக்க இயலாது. ஆதலின் தந்தையார் உறங்கிய பின்னர், நள்ளிரவில், மெழுகுவத்தி ஒளியில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார். வீடு முழுவதும் இருளில் ஆழ்ந்திருக்க, ஓர் அறையில் மட்டும் சுடர் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பள்ளி வாயிலை ஒருநாளும் மிதித்தறியாத ரொகேயா கற்ற கல்வி முழுவதும் அச்சுடரின்கீழ்க் கற்றதே.

இங்கே ஓர் உண்மையை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். அந்நாளில் பெண்கள் படிக்காமல் இருந்தமைக்கு விருப்பமின்மை காரணமன்று. விளக்கும் நேரமும் இசைவும் இல்லாமையே காரணம். ஒரே வீட்டில் பிறந்த தமக்கைக்குத் தடையும் தங்கைக்குச் சுடரும் கிடைத்தன. வேறுபாட்டை உண்டாக்கியது இரவில் கண்விழித்த ஓர் அண்ணனின் அன்பு.

இல்லறம்

பதினெட்டு வயதளவில், பீகாரைச் சேர்ந்த பாகல்பூரில் துணை நீதிபதியாக விளங்கிய கான்பகதூர் சையித் சகாவத் ஹுசைன் என்பாருக்கு ரொகேயா மணமுடித்து வைக்கப்பட்டார். சகாவத் ஹுசைன் வயதில் மிக மூத்தவர், முதல் மனைவியை இழந்தவர், உருது பேசுபவர். இத்தகைய மணத்தில் பெண்ணின் அறிவு வாடிப்போவதே அந்நாளில் பெரும்பாலும் நிகழ்ந்தது. இங்கு நடந்ததோ அதற்கு மாறானது. கணவர் அவரைப் படிக்கச் செய்தார், எழுதவும் தூண்டினார். பெண்கள் பள்ளி ஒன்றை நிறுவுவதற்கென்று பத்தாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார்.

1902 முதல் அம்மையாரின் வங்கக் கட்டுரைகள் இதழ்களில் வெளிவரலாயின. பெண் தாழ்ந்தது இயற்கையால் அன்று, நெடுநாள் பழக்கத்தால் என்பது அவற்றின் சாரம். இல்லறத்தில் இரு பெண் மகவுகள் பிறந்து கைக்குழந்தைகளாகவே மறைந்தன. அத்துயரை அவர் எழுத்தில் புதைத்தார்.

சென்னைக்கு வந்த கனவு

ஒருமுறை கணவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்தார். தனிமையைப் போக்கவும் தம் ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்கவும் அம்மையார் ஒரு கதை எழுதினார். திரும்பி வந்த கணவர் அதனைக் கையில் எடுத்தார். அமரவும் மறந்து நின்றபடியே முழுவதும் படித்து முடித்தார். ஆண்குலத்தின்மீது இதைவிடப் பெரிய பழிவாங்கல் இருக்க முடியாது என்னும் பொருள்படப் பாராட்டினார்.

அக்கதை எங்கு அச்சேறியது என்பதே தமிழ்நாட்டினர் பெருமைகொள்ளத்தக்க செய்தி. கல்கத்தாவிலோ இலண்டனிலோ அன்று, நம் சென்னையில்! ஆந்திர நாட்டில் பிறந்து சென்னையில் வாழ்ந்த கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-ஆம் ஆண்டு முதல் ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் மகளிர் இதழை நடத்தி வந்தார். அதில் 1905-ஆம் ஆண்டில் வெளியாயிற்று ‘சுல்தானாவின் கனவு’. வங்கத்து முஸ்லிம் பெண் எழுதியதை ஆந்திரத்துக் கிறித்தவப் பெண் தமிழகத்தில் அச்சிட்டார். படித்தவர்கள் இந்தியா முழுவதிலும் இருந்த மகளிர். எழுதியவரும் வெளியிட்டவரும் பெரும்பாலான வாசகரும் பெண்களாகவே அமைந்த அறிவியற் புனைகதை ஒன்று, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நிலத்தில் பிறந்திருக்கிறது. 1908-இல் அது கல்கத்தாவில் தனி நூலாகவும் வந்தது.

கனவின் உள்ளீடு

சாய்வு நாற்காலியில் அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கும் சுல்தானா கண்ணயர்கிறாள். தோழி ஒருத்தி வந்து அவளை உலவ அழைத்துச் செல்கிறாள். வெளியே வந்தால் அது வேற்று நாடு, பெண்ணாடு. தெருவில் ஆண் ஒருவரையும் காணோம். திரையின்றி நடக்க நாணிக் கூசும் சுல்தானாவைப் பார்த்து, இவள் ஆண்களைப் போல அஞ்சி ஒடுங்குகிறாளே என்று அந்நாட்டுப் பெண்கள் நகைக்கின்றனர். அங்கே ஆண்களே வீட்டுக்குள் மறைந்து வாழ்கின்றனர்.

இந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதில்தான் ஆசிரியரின் அறிவியல் நோக்கு விளங்குகிறது. அந்நாட்டு அரசி, பெண்கள் அனைவரும் கற்க வேண்டும் என்று ஆணையிட்டாள். இருபத்தொரு வயதுக்கு முன் பெண்ணுக்கு மணமில்லை என்று விதித்தாள். பெண்களுக்கென்றே இரு பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஒன்றில், மேகங்களுக்கு மேலே பெரும் பலூனை மிதக்கவிட்டுக் குழாய்கள் வழியே நீரை இறக்கும் வழியைக் கண்டனர். மற்றொன்றில், கதிரவனின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியைப் படைத்தனர். படைவலிமையைப் பெருக்குவதிலேயே கருத்தாயிருந்த ஆண்கள் இவற்றைக் கண்டு நகைத்தனர்.

பின்னர்ப் போர் மூண்டது. ஆண்களின் படை தோற்றது. பகைவர் தலைநகரை நெருங்கிய வேளையில், இரண்டாம் பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவியருடன் களம் சென்றாள். திரட்டிய கதிரொளியைப் பகைவர்மேல் பாய்ச்சினாள். வெம்மை தாங்காது அவர்கள் ஓடினர். வாளால் முடியாததைக் கல்வி முடித்துக் காட்டியது.

அந்நாட்டுச் சமையலறையில் புகையும் இல்லை, கரியும் இல்லை. வெயிலே அடுப்பு. வயலை உழுவது மின்சாரம். தோழியர் ஏறிச் செல்வது வானூர்தி. ரைட் உடன்பிறப்புகள் அமெரிக்காவில் முதன்முதலாகப் பறந்தது 1903-இல். அலகாபாத்தில் விமானம் அஞ்சலைச் சுமந்து பறந்தது 1911-இல். இவ்விரண்டுக்கும் இடையில், திரைக்குப் பின்னிருந்த ஒரு பெண்ணின் எழுதுகோலில் வானூர்தி பறந்துவிட்டது. இன்று நம் வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள் மின்னுவதைக் காணும்போதெல்லாம் அக்கனவு நினைவுக்கு வருகிறது.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. அலுவலகத்தில் ஆண்கள் சுருட்டுப் பிடிப்பதிலேயே பெரும்பொழுதைக் கழிக்கின்றனர் என்றும், ஆதலின் பெண்கள் அதே வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றனர் என்றும் கணக்கிட்டுக் காட்டுகிறார் ஆசிரியர். வானூர்தியிலிருந்து தவறி விழும் சுல்தானா, தன் சாய்வு நாற்காலியில் கண் விழிப்பதோடு கதை முடிகிறது.

ஆண்களை அடைத்து வைக்க வேண்டும் என்பதன்று அம்மையாரின் நோக்கம். திரைமறைவின் கொடுமையை உணராதார்க்கு, அதனைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். நிலைக்கண்ணாடி போன்ற கதை அது.

சுவைஞர் உலகில் பெண்கள்

இப்படைப்பு வந்து பத்தாண்டுகள் கழிந்த பின்னரே, 1915-இல், பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றிய ‘ஹெர்லாண்ட்’ என்னும் புதினத்தை அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதினார். 1926-இல் அந்நாட்டில் அறிவியற் புனைகதைக்கென்றே ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்னும் இதழ் தோன்றியது. அதன் கடிதப் பகுதியில் வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்தனர். சுவைஞர் மன்றங்கள் பிறந்தன. அம்மன்றங்களில் ஆண்களே மிகுதி. இது ஆண்களின் துறை என்னும் எண்ணம் வேரூன்றியது அங்கேதான்.

உண்மை வேறு. 1818-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ புதினத்தை எழுதி இத்துறைக்கு வழிவகுத்த மேரி ஷெல்லி ஒரு பெண். எனினும் பிற்காலப் பெண் எழுத்தாளர் சிலர் ஆண் பெயர்களில் மறைந்து எழுத நேர்ந்தது. ஆலிஸ் நார்ட்டன் ஆண்ட்ரே ஆனார். ஆலிஸ் ஷெல்டன், ஜேம்ஸ் டிப்ட்ரீ என்னும் ஆண் பெயரில் புகழ் பெற்றார். அவர் பெண் என்பது 1977-இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. தமிழில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. ரங்கராஜன் என்னும் பொறியாளர் தம் மனைவி பெயராகிய சுஜாதா என்பதைப் புனைந்துகொண்டு அறிவியற் புனைகதைகளை எழுதினார். அவரைப் பெண் என்றே எண்ணி மயங்கிய வாசகரும் உண்டு.

சுவைஞரிடையேயும் பெண்கள் குறைந்தவரல்லர். ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு 1967-இல் தோன்றிய முதல் சுவைஞர் இதழைத் தொகுத்தவர்கள் பெண்களே. அத்தொடர் நிறுத்தப்படும் நிலை வந்தபோது, வாசகரைத் திரட்டிக் கடிதங்களைக் குவிக்கச் செய்த இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் பிஜோ டிரிம்பிள் என்னும் பெண்மணி தலையாயவர். பெண்கள் என்றும் இருந்தனர்; எண்ணியவர்கள்தாம் அவர்களைக் காணவில்லை. நம் நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ என்னும் புதினத்தை எழுதியபோது, முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று வியந்த ஊர்கள் பல. அவ்வியப்பே அறியாமையின் அடையாளம்.

கனவிலிருந்து பள்ளிக்கு

கற்பனையோடு நின்றுவிட்டவர் அல்லர் ரொகேயா. நீரிழிவு நோயால் கண்ணொளி குன்றி நலிந்த கணவர் 1909-ஆம் ஆண்டு மே திங்களில் மறைந்தார். ஐந்து திங்களுக்குள், அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள், பாகல்பூரில் ஐந்து மாணவியரோடு பள்ளியைத் தொடங்கினார் அம்மையார். குடும்பச் சொத்துத் தகராறு அவரை அவ்வூரிலிருந்து வெளியேற்றியது. கல்கத்தா சென்று 1911 மார்ச் 16-இல் வலியுல்லா சந்தில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். அதுவே சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி.

பள்ளியில் படித்தறியாத அவர், பள்ளி நடத்தும் முறையைப் பிற பள்ளிகளுக்குச் சென்று பார்த்துக் கற்றார். வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைக் கேட்டார். மாணவியரை அழைத்துவர முற்றிலும் மூடப்பட்ட வண்டி ஏற்பாடாயிற்று. காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர், வாந்தி எடுத்தனர். திரையைச் சற்றே தளர்த்தியதும், காற்றில் அசையும் திரையால் மறைவு கெடுகிறது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. மூச்சுத் திணறுகிறது என்று ஒரு சாராரும், மறைவு போதாது என்று மற்றொரு சாராரும் குறைகூற, இடையில் நின்று தவித்தார் அவர். ஆயினும் வண்டியை நிறுத்தவில்லை.

அம்மையார் தம் மார்க்கத்தை விட்டு விலகியவர் அல்லர். தாமும் முக்காடிட்டே பொதுப்பணி ஆற்றினார். அடக்கமான ஆடை வேறு, அறிவை அடைக்கும் சிறை வேறு என்று பிரித்துக் காட்டினார். கல்வி ஆண் பெண் இருபாலர்க்கும் கடமை என்று இஸ்லாம் விதித்திருக்க, அதனை மறந்தவர் நாமே என்று சமுதாயத்தாரை நோக்கி முறையிட்டார். 1916-இல் முஸ்லிம் மகளிர் சங்கம் ஒன்றை நிறுவினார். 1924-இல் ‘பத்மராக்’ என்னும் புதினத்தில், பல சமயப் பெண்கள் ஒன்றுகூடி வாழ்ந்து பணியாற்றும் இல்லத்தைப் படைத்தார்.

1931-இல் வெளியான அவரது ‘அபரோத்பாசினி’ என்னும் நூல், திரைமறைவில் நேர்ந்த உண்மை நிகழ்ச்சிகளின் தொகுப்பு. இரயில் நிலையத்தில் புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த பெண் ஒருவரை, ஆண்கள் தொடக்கூடாது என்று உடன் வந்த பணிப்பெண் தடுத்ததனால், அவர் இரயிலில் சிக்கி உயிர்நீத்த செய்தி அதில் உண்டு. ‘சுல்தானாவின் கனவு’ எழுதியவர் ஏன் அப்படிக் கனவு கண்டார் என்பதற்கு இவ்வொரு நிகழ்ச்சியே போதிய விளக்கம்.

மறைவும் புகழும்

1932-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அதிகாலையில் அம்மையார் கல்கத்தாவில் காலமானார். முந்தைய இரவும் பெண்ணுரிமை பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அது முற்றுப்பெறவில்லை. நள்ளிரவுச் சுடரில் தொடங்கிய வாழ்வு, இரவில் ஏந்திய எழுதுகோலோடு நிறைவெய்தியது.

அவர் நிறுவிய பள்ளி இன்று மேற்கு வங்க அரசின் பெண்கள் பள்ளியாகக் கல்கத்தாவில் விளங்குகிறது. வங்காளதேசம் டிசம்பர் 9-ஐ ரொகேயா நாளாகப் போற்றுகிறது. ரங்கப்பூரில் அவர் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. 2024-ஆம் ஆண்டில் ‘சுல்தானாவின் கனவு’, யுனெஸ்கோவின் உலக நினைவு ஆவணங்களுக்கான ஆசிய பசிபிக் பதிவேட்டில் இடம்பெற்றது. தனிமையைப் போக்க எழுதிய சிறுகதைக்குக் கிடைத்த சிறப்பு இது.

நிறைவுரை

அண்மையில் ஒருநாள் திருத்தணி வீட்டில் என் தமக்கையாருக்கு இக்கதையை முழுவதும் கூறினேன். பெண்ணாட்டின் வானூர்தியையும் வெயில் அடுப்பையும் சிறுபிள்ளையின் ஆவலோடு கேட்டார். போர் நிகழ்ச்சியில் என்னை இடைமறித்து, அடுத்து நிகழப்போவதைத் தாமே சரியாகச் சொன்னார். முடிந்ததும், அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர வயது வரம்பு உண்டா என்று வினவினார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை.

மாணவச் செல்வங்களே! விண்வெளிக் கதையும் மாயக்கதையும் எவர்க்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்பட்ட நிலமல்ல. நம் கல்லூரி நூலகத்தில் அவ்வரிசை நூல்களை மாணவியர் தயக்கமின்றி எடுத்துப் படிக்க வேண்டும். மாணவர்கள் அதற்கு இடம்விட வேண்டும். சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெண்மக்களின் படிப்பை இடையில் நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒரு பெண்பிள்ளை இரவில் கண்விழித்துக் கதை படித்தால் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். பாய்ராபந்தில் அன்று அணையாதிருந்த ஒரு மெழுகுவத்தியால்தான் ஒரு ரொகேயா நமக்குக் கிடைத்தார்.